பட்டியலும் ஆயுளும்

பெரும்பணி ஒன்றை மேற்கொள்வோர் முதலில் எழுதுவது பட்டியலே. புக்கிட் தெங்காவில் சிறுகச் சிறுகத் தம் வீட்டைக் கட்டத் தொடங்கும் குடும்பத் தலைவரானாலும், தம் தோட்டத்து மக்களின் வரலாற்றை எழுத முனையும் ஓய்வுபெற்ற தமிழாசிரியரானாலும் நிலைமை ஒன்றுதான். நூறு வரிகள் நிரம்பியதும் உள்ளத்தில் ஒரு நிறைவு பிறக்கிறது. செங்கல் ஒன்றும் அடுக்கப்படவில்லை. ஆயினும் பாதி வேலை முடிந்ததைப் போன்ற மயக்கம்! அம்மயக்கம் மன்னிக்கத்தக்கது. ஆனால், தம் ஆயுளுக்குள் முடிக்க இயலாத பட்டியலை ஒருவர் எழுதத் துணிவது அறமாகுமா என்னும் வினா அவ்வளவு எளிதன்று.

வினைசெயல்வகை அதிகாரத்தில் வள்ளுவர் பொருள், கருவி, காலம், செயல், இடம் ஆகிய ஐந்தையும் ஐயமற எண்ணிச் செய்யுமாறு கூறுகிறார். காலம் என்பதற்குத் தக்க பருவம் என்று பொருள் கொள்வது வழக்கம். செய்பவரின் எஞ்சிய ஆண்டுகளையும் அதனுள் அடக்குவது பொருந்தும்.

ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் பதிப்பாசிரியர் பொறுப்பை ஜேம்ஸ் மர்ரே 1879இல் ஏற்றபோது, பத்தாண்டுகளில் பணி முடியும் என்றே கருதப்பட்டது. ஐந்தாண்டுகள் கடந்தும் முதல் எழுத்தையே தாண்டவில்லை. அவர் 1915இல் மறைந்தார். அகராதி 1928இல் நிறைவெய்தியது. சொற்குறிப்புகள் சீட்டுகளாக எழுதப்பெற்று அறைகளில் அடுக்கப்பட்டிருந்தமையால், எவரும் எடுத்துத் தொடர முடிந்தது.

நமக்கு நெருங்கிய சான்று தேவநேயப் பாவாணர். சென்னைப் பல்கலைக்கழகம் 1913இல் தொடங்கி 1936இல் ஆறு தொகுதிகளாக முடித்த பேரகராதியின் குறைகளைக் கடுமையாகச் சுட்டியவர் அவர். செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் இயக்குநராகத் தமிழக அரசு அவரை அமர்த்தியது 1974இல். அப்போது அவருக்கு அகவை எழுபத்திரண்டு! ஒரு சொல்லின் வேரைத் தேடினால் அது பத்துச் சொற்களைக் கொண்டுவந்து நிறுத்தும். பட்டியல் குறையக் குறைய வளரும் விந்தை அது. 1981 சனவரியில் மதுரையில் அவர் மறைந்தார். முதல் மடலம் 1985இல்தான் வெளிவந்தது. 2011இல் முப்பத்தொரு பகுதிகளாகப் பணி முழுமை பெற்றது. அந்த வயதில் தொடங்கியது பேராசை என்று கூறுவோர் உளராயின், அவர்கள் அவருடைய வேர்ச்சொல் ஆய்வு நூல்களை மறந்தவர்கள். முறைமையை முன்னரே நூல்களில் எழுதி வைத்தவர் தம் தலைக்குள் பூட்டிக்கொண்டு போகவில்லை.

அரசும் அறிஞர் குழுவும் பின்னின்ற பணியோடு தனிமனிதரின் பணியை ஒப்பிடலாமோ எனக் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. வீடு கட்டுபவருக்கு இயக்ககம் இல்லை, இருப்பது குடும்பம். அவர் பட்டியலில் சிமெண்டும் மணலும் இருக்கும். துணைவியார் இழக்கும் ஞாயிற்றுக்கிழமைகளும், மகனின் படிப்புக்கென வைத்த பணமும் இருப்பதில்லை. இங்குதான் தவறு நேர்கிறது. பிறருடைய வாழ்நாளையும் செலவிடும் பட்டியலை ஒருவர் மட்டும் எழுதி, அவர் மட்டுமே புரிந்துகொள்ளும் வகையில் வைத்திருத்தல் முறையன்று. மலாய் மொழியில் புக்கிட் தெங்கா என்பது நடுக்குன்றைக் குறிக்கும். நடுக்குன்றில் நிற்பவருக்கு ஏறிய தொலைவும் ஏற வேண்டிய தொலைவும் சேர்ந்தே தெரியும். அவ்வாறு நிற்கும்போதே, அவர் அத்தாளை இல்லத்தாரிடம் படிக்கக் கொடுக்கலாம். அவர்களுக்கு விளங்காத வரிகளை முதலில் திருத்தி எழுதவேண்டும். அவர்கள் வேண்டாமென்னும் வரிகளைப் பற்றி அன்றிரவே பேசவேண்டும்.