நிறுத்துவதற்கு முன் சொல்லுங்கள்

“ஃபிட்ஸ் வந்து ஒரு வருஷம் ஆச்சு, இனிமே எதுக்கு மாத்திரை? அதைப் போட்டாலே பிள்ளை மந்தமா உட்கார்ந்திருக்கான், படிச்சது எதுவும் நிக்கல.” இப்படிச் சொல்லி வலிப்பு மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிடும் வீடுகள் நம் பக்கத்தில் இருக்கின்றன. கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை கடலோரத்திலும், உள்ளே திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு வரையிலும் அப்படி நிறுத்திய, நிறுத்த நினைக்கிற ஒவ்வொருவரையும் கைகூப்பிக் கேட்கிறேன். நிறுத்த நினைப்பவர்கள் இன்று இரவு மாத்திரையைப் போடுங்கள். நாளைக் காலையில் மருத்துவரிடம் போய் அந்த மந்தத்தைச் சொல்லுங்கள். ஏற்கெனவே நிறுத்திவிட்டவர்கள் நாளை வரைகூடக் காத்திருக்காமல் இன்றே போங்கள்.

உங்கள் புகார் பொய்யில்லை. வலிப்பின்போது மூளை நரம்பணுக்கள் கூட்டமாக, கட்டுக்கடங்காமல் மின்துடிப்பை வெளியிடுகின்றன. அதை அடக்கும் மருந்து சிலருக்கு மூளையின் சாதாரணச் சுறுசுறுப்பிலும் கை வைத்துவிடுகிறது. 1912 முதல் வலிப்புக்குத் தரப்படும் பீனோபார்பிட்டோன் விலை மலிவு, பல உயிர்களைக் காத்த மருந்து. ஆனால் காய்ச்சல் வலிப்பு கண்ட சிறு குழந்தைகளுக்கு அதைத் தினமும் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 1990-இல் வெளியானது. இரண்டு ஆண்டு முடிவில் அந்தக் குழந்தைகளின் நுண்ணறிவு மதிப்பெண், வெற்று மாத்திரை தரப்பட்ட குழந்தைகளைவிடச் சராசரியாக 8 புள்ளிக்கு மேல் குறைந்திருந்தது. டோபிரமேட் சாப்பிடும் சிலருக்குத் தெரிந்த சொல்லே வாயில் வராது. லெவிட்டிரசெட்டாம் நினைவை அவ்வளவாகத் தொடுவதில்லை; ஆனால் சிலருக்கு மூக்கின் மேல் கோபத்தைக் கொண்டுவந்துவிடும். வால்ப்ரோயேட்டால் கை நடுங்கலாம். மாமல்லபுரத்துச் சிற்பி ஒருவர் சிலைக்குக் கண் திறக்கும்போது உளி ஒரு நூல் விலகினாலும் பல நாள் உழைப்பு போய்விடும். அவருக்கு அந்த நடுக்கம் பிழைப்புப் பிரச்சினை. அதை அவர் சொன்னால்தானே மருத்துவருக்குத் தெரியும்?

எப்டாயின் என்று நாம் வாங்கும் ஃபெனிட்டாயினைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஓர் எல்லை வரை, அளவைக் கூட்டக் கூட்ட அது இரத்தத்தில் மெல்ல ஏறும். அதைத் தாண்டினால் கொஞ்சம் கூட்டினாலே சட்டென்று எகிறிவிடும். நடை தள்ளாடும், பேச்சு குழறும், புத்தி மசங்கும். குடித்திருக்கிறான் என்று ஊர் சொல்லும். மறந்த வேளைக்கும் சேர்த்து இரட்டையாக விழுங்கும் பழக்கம் உங்களிடம் இருந்தால் உடனே விட்டுவிடுங்கள்.

மறதிக்கு மாத்திரை மட்டுமே காரணம் என்றும் முடிவு கட்டாதீர்கள். நினைவைப் பதிய வைக்கும் பகுதியிலேயே பலருக்கு வலிப்பு கிளம்புகிறது. தூக்கத்தில் வந்துபோகும் வலிப்பை யாருமே பார்த்திருக்க மாட்டார்கள். மனச்சோர்வும் கெட்ட தூக்கமும் நினைவைக் குலைக்கும். எது காரணம் என்று பிரித்துப் பார்த்து, அளவைக் குறைக்கவோ, மூன்று மருந்தை ஒன்றாக்கவோ, லாமோட்ரிஜின் போல மந்தம் குறைவான மருந்துக்குப் படிப்படியாக மாற்றவோ மருத்துவரால் முடியும். வீட்டில் உட்கார்ந்துகொண்டு நாம் அதைச் செய்ய முடியாது.

திடீரென்று நிறுத்தினால், அதுவும் பீனோபார்பிட்டோனையும் குளோபசத்தையும் நிறுத்தினால், வலிப்பு விடாமல் தொடரக்கூடும். அது மூளையைச் சிதைக்கும், உயிரையும் எடுக்கும். நம் கடற்கரையில் ஆபத்து இன்னும் அதிகம். விடியும் முன் ஃபைபர் படகைத் தள்ளிக்கொண்டு போகிறவருக்குத் தூக்கம் ஏற்கெனவே குறைவு. தூக்கக் குறைவே வலிப்பை இழுத்து வரும். மாத்திரையையும் விட்டுவிட்டு அலையில் நின்றால் கரையில் இருப்பவரால் என்ன செய்ய முடியும்? வலிப்பு அடங்காதவரைக் கடலுக்கு அனுப்பாதீர்கள். தொழிலாளித் தோழர்களே, இதை வெட்கமாக்கி அவரை மறைக்க வைக்காதீர்கள்.

ஆசிரியர்களே, வகுப்பில் கண் சொருகும் பிள்ளையைச் சோம்பேறி என்று எழுப்பி நிறுத்துமுன் அவன் பெற்றோரை ஒரு வார்த்தை கேளுங்கள். மருத்துவர்களே, “ஃபிட்ஸ் வந்துச்சா?” என்பதோடு நின்றுவிடாதீர்கள். “படிப்பு எப்படி, வேலை எப்படி?” என்றும் கேளுங்கள்.

பெண்ணுக்கு வரன் பார்க்கும் வீட்டில் மாத்திரையை ஒளித்து வைக்கிறார்கள். ஒளித்த மாத்திரைக்கு வேளை தவறும். வலிப்பு நோயைக் காட்டித் திருமணத்தைச் செல்லாததாக்க வழிசெய்த வாசகம் இந்துத் திருமணச் சட்டத்திலிருந்து 1999-லேயே நீக்கப்பட்டுவிட்டது. சொல்லியே திருமணம் பேசுங்கள். வால்ப்ரோயேட் சாப்பிடும் பெண் கருத்தரிக்குமுன் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். கருவில் அந்த மருந்து பட்ட குழந்தைகளின் அறிவு வளர்ச்சி பாதிக்கப்படுவதை ஆய்வுகள் உறுதிசெய்திருக்கின்றன. அதற்காகவும் தானாக நிறுத்தக் கூடாது.

ஒரு நோட்டு போடுங்கள். வலிப்பு வந்த நாள், எத்தனை நிமிடம், மாத்திரை போட்ட நேரம், தவறிய வேளை, மந்தம் எந்த மருந்து தொடங்கியபின் வந்தது, எல்லாவற்றையும் எழுதுங்கள். வலிப்பு ஐந்து நிமிடம் தாண்டினால், கையில் இரும்பைக் கொடுத்து நேரத்தைக் கழிக்காமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள். அடுத்த முறை செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்கோ பக்கத்து ஆஸ்பத்திரிக்கோ மாத்திரை மட்டும் வாங்கிவர வேறு ஆளை அனுப்பாதீர்கள். நோட்டை எடுத்துக்கொண்டு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நீங்களே போங்கள்.