புறப்பற்று போயிற்று, அகப்பற்று?

இல்லறத்தில் வாழும் சிராவகர்க்குப் பொருள் வேண்டும். பொருளின்றித் தானமும் இல்லை, விருந்தோம்பலும் இல்லை. ஆதலால் பொருளை நேரிய வழியில் ஈட்டுவது எவ்வாறு, அளவறிந்து காப்பது எவ்வாறு என்றெல்லாம் நம் முன்னோர் விரிவாக உரைத்துள்ளனர். அப்பொருள் எதிர்பாராமல் ஒரு நொடியில் நம்மைவிட்டுப் போகுமானால், அந்த இழப்பைத் தாங்குவது எவ்வாறு என்பதும் கற்க வேண்டிய பாடமேயாகும். உயிரற்ற ஒரு பொருளுக்காக வருந்துதல் தகுமா? வருந்தினால் அது குற்றமாகுமா? எங்கள் இல்லத்தில் நேர்ந்த ஒன்றை முன்வைத்து இவ்வினாவைச் சிந்திக்க விரும்புகிறோம்.

2024ஆம் ஆண்டு தைத் திங்கள். திண்டிவனத்தில் உறவினர் ஒருவரின் புதுமனை புகுவிழாவுக்குச் சென்ற மகனும் மருமகளும் பெயரனும் மாலையில் வந்தவாசிக்குக் காரில் திரும்பிக்கொண்டிருந்தனர். எங்கள் இல்லத்தில் பொழுது சாய்ந்தபின் எவரும் உண்பதில்லை. உணவை ஆக்கி வைத்துவிட்டு வாயிலைப் பார்த்தவாறு அமர்ந்திருந்தோம். மணி ஐந்தைக் கடந்ததும் மருமகளைத் தொலைபேசியில் அழைத்து, "பொழுது சாய்கிறது, விரைந்து வாருங்கள்" என்றோம்.

அரைமணி நேரம் கழித்துத் தொலைபேசி ஒலித்தது. பக்கத்துச் சிற்றூரின் மண்பாதையிலிருந்து பால் கொண்டுவந்த முதியவர் ஒருவர் தம் மொபெட்டில் திடீரென்று நெடுஞ்சாலையில் ஏறியிருக்கிறார். மகன் வண்டியை ஒடித்துத் திருப்பியும் அவருடைய மொபெட்டின் பின்புறத்தில் உரசிவிட்டது. முதியவர் கீழே விழுந்தார். கார் சாலையோரப் புளியமரத்தில் மோதி நின்றது. மூவரும் இருக்கைப் பட்டை அணிந்திருந்ததால் சிறு காயங்களோடு தப்பினர். மகன் 108 ஊர்தியை வரவழைத்து முதியவரை அரசு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றான். அவருக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது.

"எங்களுக்கு ஒன்றும் இல்லை அத்தை" என்று மருமகள் கூறியவுடன் உயிர் வந்தது. அடுத்து நாம் கேட்ட கேள்வி, "வண்டிக்கு என்ன ஆயிற்று?" என்பது. விழுந்து கிடந்த முதியவரைப் பற்றிக் கேட்க நமக்குத் தோன்றவில்லை. மூன்றாம் நாள்தான் அது நினைவுக்கு வந்தது. முப்பத்து நான்கு ஆண்டுகள் மாணவர்க்கும், ஆசிரியப் பயிற்சி பெற வந்தோர்க்கும் நன்னெறி கற்பித்த நமக்கு இஃது எளிதில் மறக்கத்தக்கதன்று.

காரைப் பார்வையிட்ட காப்பீட்டு மதிப்பீட்டாளர், அதனைச் சீராக்க இயலாது, முழு இழப்பே என்றார். காப்பீட்டுப் பத்திரத்தில் குறித்துள்ள மதிப்பில் 75 விழுக்காட்டுக்கு மேல் பழுதுச் செலவு ஆகுமானால் அவ்வாறு கணக்கிடுவது வழக்கமாம். ஐந்தாண்டு கடந்த வண்டிக்கு அம்மதிப்பை உரிமையாளரும் நிறுவனமும் உடன்பட்டு வைத்துக்கொள்வார்கள். எங்கள் வண்டியோ 2015ஆம் ஆண்டு வாங்கியது. கிடைத்த தொகை புது வண்டியின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் எட்டவில்லை. இனி ஓடாது என்றான வண்டியைப் பற்றிப் பதிவு அலுவலகத்திற்கு 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கூறுகிறது. அவ்வாறே எழுதிக் கொடுத்தோம். இறந்தாரைப் பதிவு செய்வது போன்றே இருந்தது.

ஏனெனில் அவ்வண்டி எங்களுக்கு வெறும் இரும்பாக இருக்கவில்லை. கால் தளர்ந்த நம் கணவரைத் திருமலைக்கு அழைத்துச் சென்று, ஓங்கி நிற்கும் நேமிநாதரைக் கடைசியாக ஒருமுறை வணங்கச் செய்தது அவ்வண்டி. அவருடைய இறுதி நோயில் மருத்துவமனைக்குச் சுமந்து சென்றதும் அதுவே. கொட்டகை வெறிச்சோடிக் கிடப்பதைக் காணும்போதெல்லாம் கண் கலங்கிற்று.

ஆறுதல் கூற வந்தவர்கள் பலவாறு பேசினர். "கண்ணேறு பட்டுவிட்டது" என்றார் ஒருவர். "எல்லாம் வினைப்பயன்" என்றார் மற்றொருவர். வினைக் கோட்பாட்டை நாம் முழுமையாக நம்புகிறோம். ஆயினும் அது தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் கண்ணாடியேயன்றிப் பிறரை அடிக்கும் பிரம்பன்று. துன்புற்றவர் தாமே தம் வினையை எண்ணினால் அடக்கம் விளையும். அருகில் இருப்பவர் அதனை எடுத்துக் கூறினால் புண்ணே விளையும். துயருற்ற இல்லத்திற்குச் செல்வோர் இதனை நினைவிற் கொள்ளுதல் நன்று.

இனி, நம் வினாவுக்கு வருவோம். விரும்பிய பொருள் பிரிந்தபோது அதனையே இடைவிடாது எண்ணி ஏங்குதலை இஷ்டவியோகம் என்னும் ஆர்த்தத் தியானமாக நம் ஆகமங்கள் வகுக்கின்றன. கண் கலங்குவது இயல்பு. அக்கலக்கத்தையே நாள்தோறும் வளர்த்து அதிலேயே மனத்தை நிறுத்துவதுதான் தீங்கு. பற்றினையும் நம் பெரியோர் இரு வகையாகப் பிரித்தனர். புறப்பற்றுகள் பத்து. நிலம், வீடு, தானியம் முதலியவற்றோடு ஊர்தியையும் சேர்த்து எண்ணும் வழக்கு உண்டு. அகப்பற்றுகள் பதினான்கு. பொய்க்காட்சி ஒன்று, கோபம், மானம், மாயை, லோபம் என்னும் கஷாயங்கள் நான்கு, எஞ்சிய ஒன்பதில் நகை, விருப்பு, வெறுப்பு ஆகியவற்றோடு சோகமும் அச்சமும் அடங்கும்.

இப்பட்டியலை வகுப்பறையில் பலமுறை ஒப்பித்திருக்கிறோம். சோகமும் நாம் வைத்திருக்கும் உடைமைகளுள் ஒன்று என்பதன் பொருள் இப்போதுதான் விளங்கிற்று. காரை இழுவை வண்டியில் ஏற்றிக் கொண்டு போய்விட்டார்கள். புறப்பற்றில் ஒன்று அன்றே நீங்கிற்று. அகத்தில் இருந்தவற்றை எடுத்துச் செல்ல எவரும் வரவில்லை. அவற்றை நாமே தேடிப் பார்க்க வேண்டியதாயிற்று.

தேடியபோது முதலில் தென்பட்டது மானம். சித்தாமூர்த் தேர்த்திருவிழாவுக்குப் பேருந்தில் சென்று இறங்கினால் உறவினர் என்ன நினைப்பார்களோ என்று உள்ளம் கூசிற்று. அடுத்துத் தென்பட்டது அச்சம். மகன் இன்னொருவர் வண்டியைக்கூடத் தொட மறுத்தான். பெயரன் இரவில் திடுக்கிட்டு எழுந்தான். இவற்றுக்கெல்லாம் அடியில் ஒன்று கிடந்தது. அதுதான் தொலைபேசியில் நாம் சொன்ன சொல். "விரைந்து வாருங்கள்" என்ற அச்சொல்லை நினைக்க அஞ்சியே, காருக்காக அழுதுகொண்டிருந்தோம். பொருளுக்காக அழுவது எளிது. அதில் நமக்குக் குற்றம் இல்லை. நம் சொல்லுக்காக வருந்துவது கடினம்.

இரவில் உண்ணாமை எதற்காக? இருளில் கண்ணுக்குப் புலப்படாத சிற்றுயிர்களுக்கும் தீங்கு நேரலாகாது என்பதற்காக. அந்த விரதத்தைக் காக்க விரைந்த விரைவில் ஒரு மனிதவுயிர் போக இருந்தது. அடி எடுத்து வைக்கும்போது வழியை நோக்கி நடக்கும் ஈர்யா சமிதியும், சொல்லை ஆராய்ந்து பேசும் பாஷா சமிதியும் துறவியர்க்கு உரியவை. எனினும், அவற்றின் நிழலாவது நம்மீது படிய வேண்டாவா? நம் நாட்டுச் சாலை விபத்துகளில் 2022ஆம் ஆண்டில் மட்டும் 1,68,491 பேர் மாண்டனர் என்று மத்திய அரசின் கணக்குக் கூறுகிறது. அவற்றுள் பெரும்பகுதிக்கு மிகைவேகமே காரணம் என்றும் அக்கணக்கே காட்டுகிறது. நேரம் கடந்துவிட்டால் அன்றிரவு உண்ணாதிருக்கலாம். விரதம் அதனால் கெடாது. ஒருவேளை பட்டினியால் உடலும் கெடாது.

ஒருநாள் இரவு, அந்த விரைவு நம் சொல்லால் விளைந்தது என்று மகனிடம் கூறினோம். நெடுநேரம் அவன் பேசவில்லை. பின்னர், "சொன்னது நீங்களானாலும் மிதித்தது என் கால்தானே அம்மா" என்றான். விபத்துக்குப்பின் அவன் அதைப்பற்றி வாய் திறந்தது அன்றுதான். அன்றிரவு நன்கு உறங்கினான்.

மறுநாள் இருவரும் அம்முதியவர் இல்லத்திற்குச் சென்றோம். மூன்றாம் தரப்புக் காப்பீட்டின்வழி அவருக்குச் சேர வேண்டிய இழப்பீட்டுக்கான தாள்களைக் கொடுத்து, அவர் வேலைக்குச் செல்லாத நாள்களுக்கு எங்களால் இயன்றதையும் கொடுத்தோம். கட்டுப் போட்ட கையோடு திண்ணையில் அமர்ந்திருந்தவர் முதலில் கேட்டது, "தம்பிக்கு அடி ஒண்ணும் இல்லியே?" என்பதுதான். அவருடைய மொபெட்டும் நசுங்கிப்போயிருந்தது. அதைப்பற்றி அவர் ஒரு சொல்லும் கூறவில்லை. நாம் கேட்கத் தவறிய கேள்வியை அவர் கேட்டார். எந்த ஆசிரியப் பயிற்சியும் அவர் பெற்றவரல்லர்.

இழப்பு நேர்ந்த இல்லத்தார் செய்யத்தக்கவை மூன்று என்று இப்போது நமக்குத் தோன்றுகிறது. முதலாவது, பொருளைக் கேட்குமுன் உயிர்களைக் கேட்டல். நம் உயிர்களை மட்டுமன்று, எதிர்ப்பட்ட உயிரையும். இரண்டாவது, வண்டியோட்டியவரைக் குற்றக்கூண்டில் நிறுத்துமுன் நம் பங்கு எது என்று நம்மையே வினவுதல். மூன்றாவது, வருத்தத்தை மறைக்காமல் பிரித்துப் பார்த்தல். பயன் போயிற்றே என்னும் வருத்தத்திற்குப் பேருந்தும் வாடகை வண்டியும் விடை தரும். நினைவு போயிற்றே என்னும் வருத்தத்திற்கு விடை, நினைவு வண்டியில் இல்லை என்பதே. மானத்தின் வருத்தம் மட்டும் போகட்டும் என்று விடத்தக்கது.

இன்னொரு கார் வாங்குவதா என்பதை எங்கள் இல்லம் இன்னும் முடிவு செய்யவில்லை. தேவை என்றால் வாங்கலாம், அது குற்றமன்று. உடைமைக்கு அளவு வகுத்துக்கொள்ளும் பரிக்கிரகப் பரிமாண விரதம் இல்லறத்தார்க்காகவே வகுக்கப்பட்டது. இவ்வாண்டு சித்தாமூர்த் திருவிழாவுக்குப் பேருந்தில்தான் சென்றோம். உறவினர் எவரும் ஒன்றும் நினைக்கவில்லை. பக்கத்து இருக்கையில் இருந்த பெண்மணி நம் கையிலிருந்த பூக்கூடையைத் தம் மடியில் வாங்கி வைத்துக்கொண்டார். திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அன்றிரவு எவரும் உண்ணவில்லை. எவரையும் விரைந்து வரச் சொல்லவுமில்லை.