உறவும் ஒப்புமையும்

கீழ்வேளூரில், அத்தை வாழ்ந்த வீட்டுத் திண்ணையில் ஒரு மாலை உட்கார்ந்திருந்தேன். கேடிலியப்பர் கோயில் மணி ஓய்ந்த நேரம். கொல்லை இலுப்பை மரத்திலிருந்து வௌவால்கள் கிளம்பின. அடையப் போகும் காக்கைகள் எதிரே வந்தன.

"தாத்தா, வௌவாலும் காக்காயும் ஒரே ஜாதிதானே? ரெண்டுக்கும் இறக்கை இருக்கே" என்றான் பேரன்.

"இல்லையடா. வௌவால் குட்டி போட்டுப் பால் கொடுக்கிறது" என்றேன். சொல்லிய பிறகுதான் விடை அத்தனை சுலபமில்லை என்று பட்டது.

காக்கையின் சிறகு கைமேல் முளைத்த இறகுகளால் ஆனது. வௌவாலுக்கு இறகே கிடையாது. நீண்டு போன நான்கு விரல்களுக்கிடையே, குடைக் கம்பிகளில் துணி கட்டியதுபோல, தோல் விரிந்திருக்கிறது. கட்டைவிரல் மட்டும் நகத்தோடு தனியே நிற்கிறது. இரண்டும் பறக்கக் கற்றது தனித்தனியாக. ஆகவே சிறகு என்ற வகையில் அவை செயல் ஒத்த உறுப்புகள், வெறும் ஒப்புமை. ஆனால் தோலையும் இறகையும் நீக்கிப் பாருங்கள். மேல்கையில் ஓர் எலும்பு, முன்கையில் இரண்டு: நம் கையில் உள்ள அதே வரிசை. சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த, பறக்கவே தெரியாத ஒரு மூதாதை விட்டுச் சென்ற சொத்து அது. கை என்ற வகையில் அவை அமைப்பு ஒத்த உறுப்புகள், உண்மையான உறவு. வயலில் பறக்கும் தட்டானுக்கோ சிறகில் எலும்பே இல்லை.

1843-இல் ரிச்சர்டு ஓவன் என்ற ஆங்கிலேயர் இந்த இரண்டையும் தெளிவாகப் பிரித்துச் சொன்னார். அமைப்பு ஒத்திருப்பதற்குக் காரணம் பொதுவான மூதாதையே என்று 1859-இல் டார்வின் விளக்கினார். பாக் நீரிணையில் மேயும் கடற்பசுவைப் பாருங்கள். உருவத்தில் மீன், பெயரில் பசு. நெருங்கிய சொந்தமோ யானை! தோற்றத்தை நம்பி உறவு சொல்லக்கூடாது.

இதெல்லாம் சரி. ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் வேறு.

அத்தை மூன்று வருஷம் படுக்கையில் கிடந்தாள். சோறூட்டி, புரட்டிப் படுக்க வைத்து, எல்லாம் செய்தவர் அவள் வயலைப் பார்த்துக்கொண்ட ஒருவர். நான் பொங்கலுக்குப் பொங்கல் வந்து போனேன். அவள் இறந்த அன்று வாய்க்கரிசி போடும் வேளையில் அவரும் ஒரு பிடி அரிசி எடுத்தார். "உறவுக்காரர்கள் மட்டும் வரட்டும்" என்றேன் நான். அவர் ஒன்றும் பேசவில்லை. அரிசியை மெல்லத் தட்டிலேயே போட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

நான் சொன்னது பொய்யல்ல. ஆனால் எந்தக் கேள்விக்கு அது விடை? விஞ்ஞானி வௌவாலின் சிறகைப் போலிச் சிறகு என்று சொல்வதில்லை. அது எங்கிருந்து வந்தது என்று மட்டுமே சொல்கிறான். வம்சம் கேட்கும் இடத்தில் வம்சத்தைச் சொல்லலாம். மகன் யார் என்று மூன்று வருஷம் ஒரு படுக்கை கேட்டதே, அதற்கு வம்சமா பதில்? அதிலும், உறவில்லை என்று நான் கோடு கிழித்த இடம் என் ஞாபகம் எட்டிய நாலு தலைமுறைதான். வௌவாலுக்கும் காக்கைக்குமே பொதுவாக ஒரு மூதாதை இருக்கும்போது, அவருக்கும் எனக்குமா இல்லை?

தட்டில் விழுந்த அந்த அரிசியை இனி எடுத்துக் கொடுக்க முடியாது. எங்கிருந்து வந்தாலும் பறந்தது சிறகுதான் என்று அன்றே ஒப்புக்கொண்டிருக்கலாம்.