கேமரா கை மாறும்போது

ஒரு குழந்தையின் பயத்தை விலையாகக் கொடுத்து நல்ல படம் எடுக்கலாமா? கனடாவின் சாரா பாலி நடிகையாக, எழுத்தாளராக, இயக்குநராக இந்தக் கேள்வியை மூன்று பக்கமிருந்தும் சந்தித்தவர். டெரி கில்லியம் இயக்கி 1988இல் வெளிவந்த ‘தி அட்வென்ச்சர்ஸ் ஆஃப் பாரன் மன்சாசன்’ படத்தில் நடித்தபோது அவருக்கு எட்டு, ஒன்பது வயது. வெடிகளுக்கு நடுவே ஓடியதையும் மருத்துவமனைக்குப் போக நேர்ந்ததையும் ‘ரன் டுவர்ட்ஸ் தி டேஞ்சர்’ (2022) என்ற கட்டுரை நூலில் எழுதியிருக்கிறார். மேதையின் கிறுக்கு என்று உலகம் ரசித்துப் பேசுவதற்கெல்லாம் யாரோ ஒருவர் தன் உடலால் விலை கொடுக்கிறார். பெரும்பாலும் அவர் மறுத்துப் பேச முடியாத இடத்தில் இருப்பவர்.

சரி, காயப்பட்டவரின் கைக்கே கேமரா வந்துவிட்டால் அது நியாயமானதாகிவிடுமா? பெண் இயக்கினாலே போதும் என்று நாமும் சில நேரம் நம்பிவிடுகிறோம். ‘ஸ்டோரீஸ் வி டெல்’ (2012) அந்த நம்பிக்கையைக் கலைக்கிறது. சிறுவயதிலேயே தாய் டயானை இழந்த பாலி, தன்னை வளர்த்த மைக்கேல் தன்னைப் பெற்ற தந்தை அல்ல, தயாரிப்பாளர் ஹாரி கல்கின்தான் என்று வளர்ந்த பிறகே அறிகிறார். அதைப் பற்றிய ஆவணப்படம் அது. மைக்கேல் எழுதியதை அவரையே ஒலிப்பதிவுக் கூடத்தில் வாசிக்க வைக்கிறார். ஒரு வரியை மறுபடியும் படிக்கச் சொல்கிறார். அப்படிக் கேட்பது மகளா, இயக்குநரா? அந்த இடத்தை அவர் வெட்டி எறியவில்லை. இந்தக் கதையைச் சொல்லும் உரிமை அதை வாழ்ந்தவர்களுக்கே என்று கல்கின் ஆட்சேபிப்பதும் படத்தில் இருக்கிறது. பழைய வீட்டுப் படங்கள் என்று நாம் நம்பியவற்றில் பல, நடிகர்களை வைத்து எடுத்தவை என்பதையும் அவரே காட்டிவிடுகிறார்.

இதனால் எல்லாம் சரியாகிவிடவில்லை. டயானிடம் அனுமதி கேட்க வழியில்லை. ஆனால் தன் கையில் அதிகாரம் இருப்பதை பாலி ஒளிக்கவில்லை. அதிகாரத்தை அன்பு என்று பெயர் மாற்றிச் சொல்லும் குடும்பங்களிலும் படப்பிடிப்புத் தளங்களிலும் இது சின்ன விஷயமல்ல.

மிரியம் டேவ்ஸின் நாவலிலிருந்து அவர் எடுத்த ‘விமன் டாக்கிங்’ (2022) இன்னும் ஓர் அடி முன்னே போகிறது. பொலிவியாவின் மென்னோனைட் குடியிருப்பு ஒன்றில் இரவில் மயக்க மருந்து தெளித்துப் பெண்கள் வல்லுறவுக்கு ஆளாக்கப்பட்ட உண்மை நிகழ்வு நாவலுக்குப் பின்னால் இருக்கிறது. அந்த வன்முறையைப் படம் காட்டுவதில்லை. இங்கேயே இருந்து போராடுவதா, வெளியேறுவதா என்று வைக்கோல் பரணில் கூடிப் பெண்கள் பேசுகிறார்கள். படத்தின் பெரும்பகுதி அதுதான். படப்பிடிப்பு நாளையும் பாலி சுருக்கினார், வேலை செய்பவர்கள் வீடு திரும்பிப் பிள்ளைகளைப் பார்க்க வேண்டும் என்று. மனநல ஆலோசகர் ஒருவரும் தளத்தில் இருந்தார்.

வதைக்காமல் கலை வராது என்று இனி யாராவது சொன்னால், சிறந்த தழுவல் திரைக்கதைக்கான ஆஸ்கர் விருதை அந்தப் படத்துக்காக அவர் பெற்றதைச் சொல்லலாம். விருது கிடைக்காமல் போயிருந்தாலும், அந்த வேலைநேரம் நியாயமானதாகத்தான் இருந்திருக்கும்.