கரணந் தளர்ந்தார்மாட்டு நாம் கொள்ளும் மதிப்பு

உயிர் அறிவுடையது, ஆயினும் கருவியின்றித் தானே அறியமாட்டாதது. இவ்விரண்டும் நம் சித்தாந்த நூல்களைப் பாடங்கேட்டார் யாவரும் அறிந்தனவே. மெய்கண்டதேவர் சிவஞானபோத நான்காஞ் சூத்திரத்தில், உயிர் அந்தக்கரணங்களுள் ஒன்றன்று எனவும், அமைச்சரோடு கூடிய அரசன்போல அவற்றொடு கூடி ஐந்தவத்தைப்படும் எனவும் நிறுவியருளினார். பாடஞ்சொல்லுங்கால் இதனை உடன்பட்டு, இல்லத்தில் ஒருவர்க்குக் கரணந் தளர்ந்துழி அவரையே அறிவிற் குறைந்தவராக மதித்தல் நமக்குத் தகுமோ என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

இவ்வாராய்ச்சிக்கு இயைந்ததொரு நோய் உண்டு. மேனாட்டு மருத்துவர் அதனை 'மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ்' என்ப. தமிழில் தண்டுவட மரப்பு நோய் என வழங்கினும், தண்டுவடத்தோடு மூளையையும் கண்ணரம்பையும் அது பற்றும். பாரிஸ் நகரத்துச் சார்க்கோ என்னும் மருத்துவர் 1868-ஆம் ஆண்டில் இதனைத் தனிநோயாக வகுத்துரைத்தார். பெரும்பாலும் 20 வயதிற்கும் 40 வயதிற்கும் இடையே தோன்றுவது. ஆடவரினும் பெண்டிரையே மிகுதியாகப் பற்றுவது. 2020-ஆம் ஆண்டுக் கணக்கின்படி உலகில் ஏறக்குறைய 28 இலட்சம் பேர் இந்நோயுடையர்.

நரம்பிழைகளின்மேல் மயலின் என்னும் கொழுப்புறை ஒன்று உண்டு. நல்லுறையுடைய இழையிற் செய்தி நொடிக்கு 100 மீட்டர் வரையும் விரைந்து செல்லும். உறையில்லாத மெல்லிழையிலோ ஓரிரு மீட்டரே செல்லும். உடலைக் காத்தற்குரிய எதிர்ப்பணுக்களே இவ்வுறையைப் பகையென மயங்கி அழிப்பது இந்நோயின் இயல்பு. திருமூர்த்தி அணையினின்று வரும் கால்வாயை உடுமலையார் அறிவர். கரை சிதைந்துழி நீர் கசிந்து, கடைமடைக்குக் குறைந்தும் காலந்தாழ்த்தும் சேரும். கரை முற்றும் உடைந்தாற் சேராதொழியும். நரம்பினும் நிகழ்வது இதுவே. நாளடைவில் உறையேயன்றி இழையும் அழிய, மூளையும் சுருங்கும்.

நடை தளர்தலும் பார்வை மங்கலும் பிறர்க்குப் புலனாம். எண்ணத்தின் தளர்ச்சி புலனாகாது. இந்நோயுடையார் நூற்றுவருள் 40 முதல் 65 பேர்க்கு அத்தளர்ச்சி உண்டு என்பர் மருத்துவர். முதற்கண் குறைவது எண்ணும் விரைவு. பின்னர்ப் புதியன நினைவிற் கொள்ளல், ஒருங்கே இரண்டினைக் கவனித்தல், செயல்களை முறைப்படுத்தல் என்பன குறையும். முன்னர்க் கற்ற மொழியறிவோ பெரும்பாலும் நிற்கும். எமக்குத் தெரிந்த அம்மையார் ஒருவர் இளமையிற் பாடமாக்கிய தேவாரப் பதிகங்களைப் பிழையின்றி ஓதுவார். இருவர் ஒருங்கே வினவினாலோ விடைகூற மாட்டாது திகைப்பார். சுற்றத்தார் அதனைச் சோம்பல் என்றனர். சிலர் அசட்டை என்றனர்.

மூளை தொழிற்படுங்கால் அதனைப் படம்பிடித்துக் காட்டும் கருவிகள் இக்காலத்து உள. நோயின் தொடக்கநிலையில் உள்ளார் எளியதொரு பணியைச் செய்யும்போதும், நலமுடையாரினும் மிகுதியான மூளைப்பகுதிகள் உழைத்தலை அவை காட்டின. விடை ஒன்றே, அதற்கு ஆகும் உழைப்போ மிகுதி. சோம்பல் என்று நாம் இகழ்வது உண்மையில் மிகையுழைப்பால் வந்த அயர்ச்சியே. உடல்வெப்பம் ஏறின் நோய்க்குறிகள் மிகுந்து, தணிந்தபின் குறைதலும் உண்டு. காலையில் தெளிந்திருந்தவர் சித்திரை நண்பகலில் மயங்குவாராயின், அவ்விடைப்பொழுதில் அறிவோன் தேய்ந்து வளர்ந்தான் என்று கூறுதல் பொருந்துமோ?

ஈண்டு உலகாயதன், "மூளை சிதையச் சிந்தையும் சிதைதலின், சிந்திப்பது மூளையே, உயிரென வேறொன்று வேண்டா" எனத் தடைநிகழ்த்துவான். ஒன்று கெட மற்றொன்று கெடுதல் அவையிரண்டும் ஒன்றே என்பதற்குச் சான்றாகாது. கண்ணாடி மங்கக் காட்சி மங்கும். அதனாற் காண்பது கண்ணாடி ஆகாது. மூளை பூதங்களாலாய பருவுடம்பின் உறுப்பு. அந்தக்கரணங்கள் அதனினும் நுண்ணிய தத்துவங்கள். இரண்டும் மாயையின் காரியமாகிய சடங்களே. உடம்பொடு கூடிய உயிர் கருவியாலன்றி அறியாது என்பது நம் கொள்கையாகலின், கருவி பழுதுறச் சிந்தை பழுதுறுதல் நாம் எதிர்பார்த்ததே. மூளை சிதைந்தும் சிந்தை சிறிதும் குன்றாதிருப்பின், அதற்கன்றோ நாம் விடைகூறல் வேண்டும்.

இன்னும், இந்நோயாளர் பலர், "எண்ணம் முன்போல் ஓடவில்லை" என்று தாமே கூறுவர். கருவியின் குறையைத் தன் குறையாக உணர்வோன் ஒருவன் உளன் என்பது இதனாற் புலப்படும். நோய் முதிர்ந்துழிச் சிலர் அக்குறையையும் உணரார் ஆலோ எனின், உறக்கத்தினும் உணர்வு தோன்றாது. அதுபற்றி உறங்கினான் இலன் என்பார் இல்லை. இவ்விடைகள் உலகாயதனை உடன்படுவிக்கும் என்று யாம் கூறவில்லை; மருத்துவர் கண்ட உண்மைகள் நம் கொள்கையொடு முரணா என்பதே யாம் கூறியது.

இனி, சைவராகிய நம்மிடத்தே நிகழும் பிழைகள் இரண்டு. "கேடு கரணத்திற்கே, உயிர்க்கு யாதும் இல்லை" என்று சொல்லி வாளா இருத்தல் ஒன்று. இது நம் மதம் அன்று. உயிர் தாமரையிலை நீர்போல ஒட்டாது நிற்பதென்று நாம் கொள்வதில்லை. சார்ந்ததன் வண்ணமாவதென்றே கொள்கின்றோம். ஆகலின், கரணந் தளர்தலாற் சொல் வராது தவிப்பதும், தவித்து நாணுவதும் உயிரே. அத்துன்பம் மெய்த்துன்பம்.

"வினைப்பயன்" என்று நோயாளர் முகத்துக்கெதிரே கூறல் மற்றொன்று. பிராரத்த உண்மை தனக்கு வந்ததைத் தான் பொறுத்தற்கு உதவுவது. பிறர் துன்பத்தை அளந்து தீர்ப்புக் கூறுதற்கு எழுந்ததன்று. அவர் நுகர்வது அவர் வினையாயின், அதுகண்டு நாம் செய்வதும் செய்யாதொழிவதும் நம் ஆகாமியமாய் நம்மையே வந்து சேரும்.

நாட்டின் சட்டமும் இப்பொழுது இவர்களை நோக்கியுள்ளது. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் உடற்குறை முதலியவற்றை ஏழு வகையாகவே கூறிற்று. 2016-ஆம் ஆண்டில் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை கூறி, இந்நோயையும் அவற்றுட் சேர்த்தது. முற்றத் தீர்க்கும் மருந்து இல்லையாயினும், நோய் மீண்டும் மீண்டும் எழுதலைக் குறைக்கும் மருந்துகள் உள. காலந்தாழாது நரம்பியல் மருத்துவரை அடைதல் நன்று.

மருந்து மருத்துவர் கையது. எஞ்சியது நம் கையது. இல்லத்தாயினும் திருமடத்தாயினும் இத்தகையார் உளராயின், ஒருகால் ஒன்றே வினவுக. ஒருவரே பேசுக. நினைவிற்குரியதை எழுதிக் கொடுக்க. அரிய செயல்களைக் குளிர்ந்த காலைப்பொழுதிற்கு வைக்க. வினவியபின் விடை வருங்காறும் இடைபுகாது காத்திருக்க. அவர் சொல்ல வந்ததை நாமே சொல்லி முடித்தல் உதவியன்று, அவரை விலக்குதலேயாம். உயிர் கரணத்தின் வேறென்று நாம் உண்மையாகவே கொண்டோமாயின், விடை வந்த விரைவைக் கொண்டு அறிவோனை அளவிடோம்.