கும்மி கொட்டும் காலம்

செட்டிநாட்டு ஊர்களில் அம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி போட்டதும், இரவில் பெண்கள் கூடிக் கும்மி கொட்டுவார்கள். கைத்தட்டுதான் தாளம். ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் திருப்பிப் பாடி, குனிந்து ஒரு தட்டு, நிமிர்ந்து ஒரு தட்டு என்று வட்டமாக நகர்வார்கள். இது இழுவையாக இருக்கிறது, ஸ்பீக்கரில் துள்ளலான பாட்டைப் போட்டால்தான் களை கட்டும் என்பது இளையவர்கள் பலரின் எண்ணம். இதை ரசனை வேறுபாடு என்று தள்ளிவிட முடியாது. அந்த நிதானமே வழிபாட்டின் ஒரு பகுதி என்பது என் கருத்து.

சான்று முளைப்பாரியிலேயே இருக்கிறது. எருவும் வைக்கோலும் பரப்பி, ஊறிய பயறுகளைத் தூவி, வெளிச்சம் படாத அறையில் வைத்துத் தண்ணீர் தெளிக்கிறார்கள். இருட்டில் வளர்வதால் முளை வெளிர்மஞ்சளாக நெடுநெடுவென்று நிமிர்கிறது. தலையில் சுமந்துபோய் ஊருணியிலோ கண்மாயிலோ கரைக்கும் நாள் வரை அதை யாராலும் அவசரப்படுத்த முடியாது. அந்தக் காத்திருப்பை உடம்பால் சொல்வதுதான் கும்மி. ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே கை, பக்கத்தில் நிற்பவரின் கைக்காகக் காற்றில் நிற்கிறது. முழங்கால் வலிக்கிற ஆச்சியும் அடி பழகும் பேத்தியும் ஒரே வட்டத்தில் நிற்பது அந்த இடைவெளியால்தான். தாளத்தின் வேகத்தைக் கூட்டினால் முதலில் விலகுவது ஆச்சி; அவரோடு பாட்டும் போய்விடும். சிலப்பதிகாரத்திலும் தீநிமித்தம் கண்ட ஆயர் மூதாட்டி மாதரி, ஏழு பெண்களுக்குக் குரல் முதல் தாரம் வரை ஏழிசையின் பெயரிட்டு வட்டமாகக் குரவைக் கூத்து ஆடவைக்கிறாள். அந்த வட்டத்தில் ஒருத்தி விலகினால் ஒரு சுரம் குறையும்.

பக்திக்கு வேகமும் உண்டே என்று கேட்கலாம். உண்டு, உடுக்கைச் சத்தம் ஏற ஏறத்தான் சாமி வந்து இறங்குகிறது. ஆனால் அங்கே ஒருவர் ஆட, ஊர் சுற்றி நின்று கும்பிடுகிறது. கும்மியில் வட்டம் முழுவதும் சேர்ந்தே கும்பிடுகிறது. பழையது என்பதற்காகவே புனிதமாகிவிடுமா என்பது அடுத்த கேள்வி. ஆகாது. பெண் விடுதலையைப் பாடப் பாரதி கும்மியைத்தான் எடுத்துக்கொண்டார். சொல் தாராளமாக மாறலாம், நிதானம்தான் மாறக்கூடாது. சலிப்பு தட்டுகிறதே என்றால், அது மனம் அடுத்த அடிக்கு முந்தி ஓடும் முதல் சில சுற்றுகளின் சலிப்பு. எண்ணாமலே கைகள் சேரத் தொடங்கியதும் அது மகிழ்ச்சியாகிவிடுகிறது. தண்ணீர் ஊற்றுவதும் கூடி நிற்பதும் நம் பங்கு, முளைக்க வைப்பது அம்மன் பங்கு என்று ஏற்றுக்கொண்டவர்களின் மகிழ்ச்சி அது.