சமாதானத்தில் விடுபட்ட மூவர்

1993-ல் தொடங்கி, தமிழ் வீடுகளின் மாலை நேரத்தையே தன்வசமாக்கிக்கொண்ட சன் டிவியின் பெயர் எதனால் கெட்டது என்று கேட்டால், கேபிள் ஆதிக்கம், கட்சிச் சார்பு என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். மதுரையில் உத்தங்குடி என்றாலே போதும். 2007 மே 9 அன்று சன் குழுமத்தின் தினகரன் நாளிதழ், கருணாநிதியின் அரசியல் வாரிசு யார் என்ற கருத்துக்கணிப்பை வெளியிட்டது: ஸ்டாலினுக்கு 70 சதவீதம், மதுரையில் கோலோச்சிய அழகிரிக்கு 2. அன்றே, உத்தங்குடியில் மேலூர் சாலையில் இருந்த தினகரன் அலுவலகத்தில் பெட்ரோல் குண்டுகள் விழுந்தன. கணினிப் பிரிவு ஊழியர்கள் இருவரும் காவலாளி ஒருவரும் புகையில் மூச்சுமுட்டிச் செத்தார்கள். கணிப்பை வெளியிடலாம் என்று முடிவெடுத்த இடத்தில் இந்த மூவரும் இல்லை.

எரியும் கட்டடத்தைச் சன் செய்திகள் திரும்பத் திரும்பக் காட்டியது. அது நியாயமான கோபம்தான். சன் முதலாளியின் தம்பி தயாநிதி மாறன் மத்திய அமைச்சர் பதவியை விட்டார், போட்டிக்குக் கலைஞர் டிவி வந்தது. 2008 டிசம்பரில் கருணாநிதி, மாறன் குடும்பங்கள் கைகோத்தன. அடுத்த மே மாதம் அழகிரியும் தயாநிதியும் ஒரே மத்திய அமைச்சரவையில் உட்கார்ந்தார்கள். சொந்தக்காரர்கள் ராசியாவதில் தப்பில்லை. தனக்கு நேர்ந்த அவமானத்தையும் உடைந்த கண்ணாடியையும் முதலாளி மன்னிக்கலாம். தன்னிடம் சம்பளத்துக்கு வந்து செத்தவர்களின் கணக்கை அவர் எப்படித் தீர்க்க முடியும்? அதே 2009 டிசம்பரில் குற்றம் சாட்டப்பட்ட 17 பேரும் விடுதலையானார்கள். (அழகிரி அந்த 17 பேரில் இல்லை.) பிறழ்சாட்சி சொன்னவர்களில் தினகரன் ஊழியர்களும் உண்டு. பயந்தவர்களைக் குறை சொல்வது எளிது. ரவுடிக்கு எதிராகக் கூண்டேறும் சம்பளக்காரன், தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கத்தான் செய்வான்.

வழக்கு நீதிமன்றத்தின் வேலை, தொலைக்காட்சி தீர்ப்பெழுதக் கூடாது என்பார்கள். சரிதான், ஆனால் அந்த நிதானம் 2007 மே மாதத்திலும் இருந்திருக்க வேண்டும், சமாதானத்துக்குப் பிறகு மட்டும் வரக் கூடாது. தனியார் நிறுவனம் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற கேள்வியும் எழும். ஊர்மக்களின் கண்ணீரைத் திரையில் கேட்டு வாங்கிய பிறகு அது வெறும் தனியார் விவகாரமாக இருக்க முடியாது. பிபிசியும் உத்தமமான நிறுவனமல்ல; தன் பிரபல தொகுப்பாளர் ஜிம்மி சாவில் செத்த பிறகு, அவர்மீதான பாலியல் புகார்களை ஆராய்ந்த தன் புலனாய்வையே கைவிட்டது. ஆனால் 2012-ல் இன்னொரு சேனல் உண்மையை உடைத்த பிறகு, தன் திரையிலேயே தன்னை விசாரித்தது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரின் அறிக்கையும் 2016-ல் வெளிவந்தது. உத்தங்குடிக்கு அப்படியொரு கணக்குக் கேட்பு நடக்கவில்லை. 2019 மார்ச்சில், அதே மேலூர் சாலையில் இருக்கும் உயர் நீதிமன்றக் கிளை விடுதலையை ரத்து செய்து ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் அரசு ரூ.5 லட்சம் கொடுக்கச் சொன்னது. வழக்கை அதுவரை கொண்டுவந்தவை சிபிஐயின் மேல்முறையீடும், செத்தவர்களில் ஒருவரின் தாய் போட்ட மனுவும்.